ஒரு குருவி எழுப்பிய வினா: பறவையியல் அறிஞர் சாலிம் அலி

தென்காசி மாவட்டத்தின் வடபகுதியில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழைச் சாரலை ஒட்டி, சிவகிரி வட்டத்தில் அமைந்துள்ள பேரூர் ராயகிரி. மேற்கே நோக்கினால் மலை. கிழக்கே நோக்கினால் குளமும் வயலும் பனையும். வடகிழக்குப் பருவமழையால் குளங்கள் நிறையும் காலத்தில் கொக்கும் நீர்க்காகமும் முக்குளிப்பானும் இச்சாரல் நாட்டின் நீர்நிலைகளை நாடி வரும். வரப்போரத்துப் பனைகளில் தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்கும். இத்தகைய ஊரில் வளரும் பிள்ளை, பள்ளிக்குச் செல்லும் வழியிலேயே உயிரினங்கள் பலவற்றைக் கண்டு செல்கிறது. அப்பிள்ளை ஒரு பறவையைச் சுட்டிக்காட்டி, அஃது என்ன என்று வினவினால் விடை கூறுவார் எத்துணைப் பேர்? ஏதோ ஒரு குருவி என்று சொல்லி நடையைத் தொடர்வோரே நம்மிற் பலர்.

நூறாண்டுகளுக்கு முன்னர்ப் பம்பாய் நகரில் ஒரு சிறுவன் இதே வினாவை எழுப்பினான். பெரியவர் ஒருவர் அதற்குப் பொறுமையுடன் விடை கூறினார். அவ்விடையிலிருந்து வளர்ந்ததே, பறவை மனிதர் என உலகம் போற்றிய டாக்டர் சாலிம் அலி அவர்களின் வாழ்வு. ஆசிரியப் பணியை நாடிச் செல்லவிருக்கும் நம் மாணவர்கள் அவ்வாழ்வை அறிந்துகொள்ளுதல் நலம் எனக் கருதி, அதனை ஈண்டுச் சுருக்கமாக எடுத்துரைக்க முற்படுகிறோம்.

சாலிம் மொய்சுதீன் அப்துல் அலி, 1896ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 12ஆம் நாள் பம்பாயில், போஹ்ரா முஸ்லிம் குடும்பமொன்றில் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். ஓராண்டு நிரம்பும் பருவத்தில் தந்தையையும், மூன்றாம் அகவையில் அன்னையையும் இழந்தார். தாய்மாமன் அமீருத்தீன் தய்யப்ஜியும் அவர்தம் துணைவியார் ஹமீதா பேகமும் பெற்றோரை இழந்த அக்குழந்தைகளைத் தம் மக்களெனப் பேணி வளர்த்தனர். விடுதலைப் போராட்ட வீரர் அப்பாஸ் தய்யப்ஜியும் இவருக்கு மாமன் முறையினரே.

அக்காலச் செல்வக் குடும்பங்களில் வேட்டை ஒரு பொழுதுபோக்கு. மாமன் அளித்த காற்றுத் துப்பாக்கியால் குருவிகளைச் சுடுவது சிறுவன் சாலிமுக்கும் பழக்கமாயிற்று. 1908ஆம் ஆண்டளவில், அவர் சுட்டு வீழ்த்திய ஒரு குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறத் திட்டு ஒன்று காணப்பட்டது. வீட்டுச் சிட்டுக்குருவியைப் போலவே இருந்தும் அது வேறாகத் தோன்றியது. மார்க்க நெறிப்படி அதனை உண்ணலாமா என்ற ஐயம் எழ, சிறுவன் அதை மாமனிடம் கொண்டு சென்றான். அமீருத்தீனுக்கும் அதன் பெயர் தெரியவில்லை. தெரியாததை மறைத்து ஏதோ ஒன்றைக் கூறாமல், 1883இல் தோன்றிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் மதிப்புறு செயலாளர் மில்லார்டு அவர்களுக்கு அறிமுகக் கடிதம் ஒன்றை எழுதிச் சிறுவனிடம் கொடுத்தனுப்பினார்.

மில்லார்டு ஆங்கிலேயர், அலுவல் மிகுந்தவர். கையில் செத்த குருவியுடன் வந்து நின்ற இந்தியச் சிறுவனை அவர் வாயிலிலேயே திருப்பி அனுப்பியிருக்கலாம். அங்ஙனம் செய்திருப்பின் நம் நாட்டுப் பறவையியல் வரலாறு வேறாக அமைந்திருக்கும். அவரோ அக்குருவியை வாங்கிப் பார்த்து, அது மஞ்சள் தொண்டைச் சிட்டு எனப் பெயர் கூறினார். அத்துடன் நில்லாது, கழகத்தில் பாடம் செய்து வைக்கப்பட்டிருந்த பறவைகளை எடுத்துக் காட்டினார். படிப்பதற்குப் பறவை நூல்களைக் கொடுத்தார். பறவையின் தோலை உரித்துப் பதப்படுத்தும் முறையும், நாள், இடம் முதலியவற்றைக் குறித்து வைக்கும் முறையும் கற்பதற்கு வழிசெய்தார். பெயர் அறிதல், ஒப்பிட்டு நோக்கல், கையால் செய்தல், குறிப்பெழுதல் ஆகிய நான்கும் அச்சிறுவனுக்கு ஒருங்கே கிட்டின. குழந்தைகளுக்கு உயிரினங்களைப் பற்றிக் கற்பிக்க விழைவோர்க்கு இன்றும் இந்நான்கினும் சிறந்த வழி வேறில்லை எனலாம்.

சாலிம் அலி வகுப்பறையில் சிறந்து விளங்கியவர் அல்லர். கடுமையான தலைவலி அவரது படிப்பைத் தடைப்படுத்தியது. 1913இல் மெட்ரிகுலேஷன் தேர்வில் இடருற்றே தேறினார். கல்லூரிப் படிப்பை இடையில் விடுத்துப் பர்மாவின் தவாய்ப் பகுதிக்குச் சென்று, குடும்பத்தாரின் சுரங்கத் தொழிலையும் மரத் தொழிலையும் கவனித்தார். ஆங்கும் அவர் மனம் காட்டிலும் பறவைகளிலுமே நின்றது. 1917இல் திரும்பி வந்து வணிகக் கல்வி பயின்றபோது, தூய சேவியர் கல்லூரியின் அருட்தந்தை பிளாட்டர் அவரது உண்மை நாட்டத்தை உணர்ந்து விலங்கியல் பயிலத் தூண்டினார். 1918இல் தெஹ்மினா பேகத்தை மணந்தார். பல்கலைக்கழகப் பட்டம் இன்மையால், இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் அவர் விரும்பிய பறவையியலாளர் பணி கைகூடவில்லை.

1926இல் பம்பாய் வேல்ஸ் இளவரசர் அருங்காட்சியகத்தில் புதிதாகத் திறக்கப்பட்ட இயற்கை வரலாற்றுப் பிரிவில், வழிகாட்டி விரிவுரையாளர் பணி அவருக்குக் கிட்டியது. காட்சிக்கு வைக்கப்பட்ட உயிரினங்களைப் பார்வையாளர்க்கு விளக்குவதே அப்பணி. மில்லார்டிடம் தாம் பெற்றதைப் பிறருக்கு வழங்கும் வாய்ப்பு அவருக்கு இங்ஙனம் அமைந்தது. எனினும் தம் அறிவு போதாது என உணர்ந்து, 1928இல் விடுப்புப் பெற்று ஜெர்மனி சென்றார். பெர்லின் அருங்காட்சியகத்தில் பேராசிரியர் ஸ்ட்ரெஸ்மனிடம் பயிற்சி பெற்றார். 1930இல் தாயகம் திரும்பியபோது, பணமின்மையால் அவரது பணியிடமே நீக்கப்பட்டிருந்தது.

வேலையிழந்த சாலிம் அலி, துணைவியாருடன் பம்பாய்க்கு எதிர்க்கரையில் அலிபாக் அருகேயுள்ள கிஹிம் என்னும் கடலோரச் சிற்றூரில் குடியேறினார். அங்குத் தூக்கணாங்குருவிகள் கூட்டமாகக் கூடு கட்டின. மறைவிடத்தில் இருந்து நாள்தோறும் பல மணிநேரம் அவற்றை நோக்கிக் குறிப்பெழுதினார். அதுவரை எவரும் தெளிவுறக் காணாத உண்மை அவருக்குப் புலனாயிற்று. ஆண் குருவி கூட்டைப் பாதியளவே பின்னி நிறுத்துகிறது. பெண் குருவி வந்து கூட்டை ஆராய்கிறது. அதற்குப் பிடித்திருந்தால் மட்டுமே, ஆண் குருவி எஞ்சிய பகுதியையும் நீண்ட நுழைவாயிலையும் பின்னி முடிக்கிறது. பெண் முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கியதும், ஆண் வேறொரு கூட்டைத் தொடங்கி வேறொரு பெண்ணை எதிர்நோக்குகிறது. இக்கண்டுபிடிப்பு பறவையியல் உலகில் அவருக்குப் பெயர் தேடித் தந்தது. அதற்குத் தேவைப்பட்டவை ஒரு மரம், ஒரு குறிப்பேடு, காத்திருக்கும் மனம் என்பவையே.

பின்னர் ஐதராபாத் முதலிய சமஸ்தானங்களின் ஆதரவில் பறவைக் கணக்காய்வுகளை மேற்கொண்டார். 1933இல் திருவாங்கூர், கொச்சி நாடுகளின் பறவைகளை ஆராய்ந்தார். அக்காலத்தில் நம் செங்கோட்டை திருவாங்கூரைச் சேர்ந்திருந்தது. 1956இல்தான் அது தமிழகத்துடன் இணைந்தது. நாம் கிழக்கிலிருந்து காணும் அதே மலைத்தொடரை அவர் மேற்கிலிருந்து ஏறி ஆராய்ந்தார் என எண்ணும்போது, அவர் நமக்கு அயலவராகத் தோன்றவில்லை. காட்டுப் பயணங்களில் உடன் வந்து உறுதுணையாக இருந்த தெஹ்மினா 1939இல் மறைந்தார். அத்துயரினின்று மீள அவருக்குப் பணியே மருந்தாயிற்று.

1941இல் வெளிவந்த இந்தியப் பறவைகள் பற்றிய அவரது படநூல், ஆய்வாளர் கையிலிருந்த அறிவை எளிய மக்கள் கைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்க அறிஞர் டில்லான் ரிப்ளியுடன் இணைந்து எழுதிய பத்துத் தொகுதிகள் 1974இல் நிறைவெய்தின. அத்தகைய பெருநூலில் ஈடுபட்டிருந்த காலத்திலேயே, உறவினரான லயீக் ஃபதேஅலியுடன் சேர்ந்து, பொதுவாகக் காணப்படும் பறவைகளைப் பற்றி எளிய நூல் ஒன்றையும் எழுதினார். நேஷனல் புக் டிரஸ்ட் 1967இல் வெளியிட்ட அந்நூல், பறவையியலைப் புதிதாகக் கற்போர்க்கு நல்ல நுழைவாயிலாக விளங்கியது. பேரறிஞர் ஒருவர் தொடக்க நிலையினருக்காக எழுதுவதைத் தாழ்வாகக் கருதவில்லை என்பது ஈண்டு எண்ணத்தக்கது.

ஒன்றை மறைக்காமல் கூற வேண்டும். அக்கால அறிவியல் முறைப்படி அவரும் பறவைகளைச் சுட்டே ஆய்வுக்குச் சேகரித்தார். இன்று ஒளிப்படக் கருவியும் இருநோக்கியும் உள்ளன. பறவைகளைக் காக்கச் சட்டமும் உண்டு. துப்பாக்கியில் தொடங்கிய அவ்வாழ்வு காப்புப் பணியில் நிறைவுற்றது. பரத்பூர் பறவைப் புகலிடம் நிலைத்ததிலும், கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கு அணைத் திட்டத்தினின்று காக்கப்பட்டதிலும் அவர் குரலுக்குப் பங்குண்டு.

நம் மலைத்தொடருக்கும் அவர் பெயருக்கும் மற்றுமொரு தொடர்பு உண்டு. சிவகிரி மலைகளுக்கு வடக்கே, தேனி மாவட்டத்து மேகமலையில் 1948இல் ஒரு பழந்தின்னி வௌவால் பிடிக்கப்பட்டது. அது பொதுவான வேறோர் இனம் எனத் தவறாகக் குறிக்கப்பட்டுப் பம்பாய்க் கழகத்தில் பல்லாண்டு கிடந்தது. 1972இல் தாய்லாந்து ஆய்வாளர் தொங்லோங்யா அதனை மீண்டும் நோக்கி, உலகம் அறியாத புதிய இனம் எனக் கண்டு, அதற்குச் சாலிம் அலியின் பெயரைச் சூட்டினார். தெரிந்தது என ஒதுக்கியதை மறுமுறை நோக்கினால் புதியது புலப்படும் என்பதற்கு இது தக்க சான்று.

1958இல் பத்மபூஷண், 1976இல் பத்மவிபூஷண், 1985இல் மாநிலங்களவை நியமன உறுப்பினர் பதவி எனச் சிறப்புகள் அவரைத் தேடி வந்தன. 1985இல் வெளியான தன்வரலாற்று நூலின் தலைப்பிலும் வீழ்ந்த குருவியையே அவர் நினைவுகூர்ந்தார். தொண்ணூறு அகவை கடந்து 1987இல் மறைந்தார். கோவையை அடுத்த ஆனைகட்டியில் 1990இல் அமைக்கப்பெற்ற பறவையியல் மையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இவ்வாழ்வு நமக்கு உணர்த்துவது யாது? உயிரினத்தை அதன் வாழிடத்தோடு சேர்த்து நோக்குதல் தமிழர்க்குப் புதிதன்று. நிலத்தைத் திணைகளாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய விலங்கு, மரம், புள் ஆகியவற்றைக் கருப்பொருள்களில் வைத்தெண்ணியது தொல்காப்பியம். அதனைத் தேர்வுக்காக மனனம் செய்யும் நாம், நம் ஊர் மருத நிலத்துப் பறவைகளுள் பத்தின் பெயரைக் கூற இயலாமல் நிற்பது நாணத்தக்கது.

ராயகிரி போன்ற ஓர் ஊரின் தொடக்கப்பள்ளி ஆசிரியர், தம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு பனையடிக்கு அழைத்துச் சென்றால் போதும். கூடுகள் மரத்தின் எத்திசையில் தொங்குகின்றன என்று வினவலாம். தூக்கணாங்குருவி பெரும்பாலும் மரத்தின் கிழக்குப் பக்கத்தையே நாடுகிறது. தென்மேற்குக் காற்றின் தாக்குதலுக்கு அது மறைவு என்பர் ஆய்வாளர். சாரற்காற்றை உடலால் உணர்ந்த நம் பிள்ளைகளுக்கு இக்காரணம் எளிதில் விளங்கும். கூட்டினுள் களிமண் அப்பி மின்மினியைப் பதித்துக் குருவி விளக்கேற்றுகிறது என்னும் பாட்டியின் கதையையும் கூறலாம். களிமண் உண்மையிலேயே உள்ளது என்றும், கூடு காற்றில் அலையாதிருக்க அது துணைபுரியக்கூடும் என்றும் பின்னர் விளக்கலாம். நாரைக் குருவி எந்த வயலிலிருந்து கொணர்கிறது, குஞ்சுக்கு என்ன ஊட்டுகிறது, பனை வெட்டப்பட்டால் எங்குச் செல்லும் என வினாக்கள் தாமே வளரும். உயிரினத்தின் வாழிடம் என்பதன் பொருளை வரையறையாக எழுதிப்போட வேண்டிய தேவை இராது.

பனைகள் வீழ்ந்து, குளங்கள் தூர்ந்து, வயல்கள் மனைகளாகி வரும் காலம் இது. பெயர் அறியாத உயிரினம் மறைந்தால் அதன் மறைவையும் எவரும் அறியார். உண்டிவில்லுடன் குளக்கரையில் நிற்கும் சிறுவனை அதட்டி விரட்டுவது எளிது. அவன் கையிலிருப்பது என்ன பறவை என்று அவனோடு அமர்ந்து நோக்குவதே கடினம். அமீருத்தீனைப் போலத் தெரியாததைத் தெரியாது என ஒப்புக்கொண்டு அறிந்தாரிடம் ஆற்றுப்படுத்தவும், மில்லார்டைப் போல அலுவலை நிறுத்திவிட்டு விடை கூறவும் நம்மில் சிலரேனும் முன்வரல் வேண்டும். ஆசிரியராகச் செல்லும் நம் மாணவர்கள், தாம் பணியேற்கும் ஊரில் முதற்கண் அங்குள்ள பறவைகளின் பெயர்களைக் கற்றுக்கொள்வார்களாக. பிள்ளைகள் வினவும்போது விடை கூற அதுவே துணையாகும்.