அடைக்கலம் தந்த அன்னை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி

 

ஆதரவற்ற ஒரு பிள்ளை நம் வீட்டு வாயிலில் வந்து நின்றால் நாம் என்ன செய்வோம்? ஒரு வேளைச் சோறு இடுவோம்; பழைய ஆடை இருந்தால் எடுத்துக் கொடுப்போம். அஃது நம் மக்களிடம் என்றும் உள்ள நற்குணமே. ஆயினும், மறுநாள் அப்பிள்ளை எங்கே போகும்? அடுத்த மாதம் அதற்கு யார் சோறிடுவர்? அது படித்து, தொழில் கற்று, தன் காலில் நிற்க வழி என்ன? இக்கேள்விகளுக்கு விடை காண்பதே சமூகத் தொண்டு. அவ்விடையைக் கண்டு, அதனை நிலையான இல்லமாகவும் மருத்துவமனையாகவும் கட்டிக் காட்டிய ஒரு பெண்மணியின் வரலாற்றை இவ்வாண்டு மலரில் எழுதுகின்றோம். அவரே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் ஆவார்.

அம்மையார் 1886ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி, புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியின் தலைவராக விளங்கியவர். தாயார் சந்திரம்மாள், தேவதாசிகள் எனப்பட்டோர் மரபில் வந்தவர். அம்மரபினர் பண்டு கோயில்களில் இசையையும் நடனத்தையும் போற்றி வளர்த்தனர். காலப்போக்கில், சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம், அவர்தம் வாழ்வைப் பிறர் கையில் ஒப்புவிக்கும் கொடுமையாக மாறியது. பொட்டுக்கட்டப்பெற்ற பெண்ணுக்குத் திருமணம் இல்லை. விரும்பிய வாழ்வு இல்லை. சமூகத்தில் மதிப்பும் இல்லை. இத்துன்பத்தை அம்மையார் ஏட்டில் படித்து அறிந்தவரல்லர். தம் தாய்வழி உறவினரிடையே கண்டு வளர்ந்தவர்.

அக்காலத்தில் பெண் பருவமெய்தினால் பள்ளிக்கு அனுப்பமாட்டார்கள். முத்துலட்சுமிக்கும் அந்நிலையே நேர்ந்தது. எனினும் தந்தையார் மகளின் அறிவு வீணாவதை விரும்பவில்லை. வீட்டிலேயே பாடங்களைக் கற்பிக்க ஏற்பாடு செய்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறிய பின், ஆண்கள் மட்டுமே பயின்ற மகாராஜா கல்லூரியில் சேர அவர் விண்ணப்பித்தார். ஊரில் எதிர்ப்பு எழுந்தது. புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி வழங்கவே, கல்லூரியின் கதவு அவருக்குத் திறந்தது.

பின்னர் 1907ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912ஆம் ஆண்டு பல பரிசுகளுடன் மருத்துவப் பட்டம் பெற்றார். 1914ஆம் ஆண்டு டாக்டர் சுந்தர ரெட்டி அவர்களை மணந்தார். தம்மைச் சரிநிகராக மதிக்க வேண்டும், தம் பணிக்குத் தடை கூறலாகாது என்று திருமணத்திற்கு முன்பே கேட்டு உறுதி பெற்றார். கணவரும் அவ்வுறுதியைக் காத்தார்.

மருத்துவராக இருந்த அம்மையார் ஏழை வீடுகளின் நிலையை நேரில் கண்டார். குழந்தைப் பருவத்திலேயே மணமுடிக்கப்பட்டு, உடல் முதிராத வயதில் பிள்ளைப்பேற்றுக்கு வந்த சிறுமியர் பலர். இவர்களுக்கு மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் மட்டும் போதுமா? நோயின் வேர் வீட்டு வழக்கத்திலும் நாட்டுச் சட்டத்திலும் அன்றோ இருக்கின்றது! ஆகவே, 1926ஆம் ஆண்டு சென்னைச் சட்டசபைக்கு நியமனம் பெற்றபோது, பெருகி வந்த மருத்துவத் தொழிலை ஒதுக்கி வைத்து அப்பொறுப்பை ஏற்றார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டசபை உறுப்பினரான முதல் பெண்மணி அவரே. உறுப்பினர்கள் அவரையே சபையின் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுத்தனர்.

சட்டசபையில் அவர் பெண்கல்விக்கும், பள்ளிப் பிள்ளைகளின் உடல்நலச் சோதனைக்கும், குழந்தை மணத் தடுப்புக்கும் வாதாடினார். எல்லாவற்றிலும் மேலாக, பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கப் போராடினார். சபையிலும் வெளியிலும் எதிர்ப்பு வலுவாக இருந்தது. பழைமையைக் காப்பதாக எண்ணியவர்கள் எதிர்த்தனர். அம்மரபுப் பெண்களிலேயே சிலர், தம் பிழைப்பும் கலையும் போய்விடும் என அஞ்சி எதிர்த்தனர். அம்மையார் பின்வாங்கவில்லை. 1930ஆம் ஆண்டு அதற்கென ஒரு சட்ட முன்வரைவைக் கொண்டு வந்தார். அதே ஆண்டில் காந்தியடிகள் சிறை செய்யப்பட்டதைக் கண்டித்துத் தம் பதவியைத் துறந்தார். அவர் தொடங்கிய முயற்சி 1947ஆம் ஆண்டில்தான் முழுமையான சட்டமாக நிறைவேறியது.

மாணவர்களே! இனி நாம் கூறப்போவதே இவ்வரலாற்றின் உயிர்நிலை. 1930ஆம் ஆண்டில், பொட்டுக்கட்டும் வாழ்வை விரும்பாத சில இளம்பெண்கள் அம்மையாரின் வீட்டுக் கதவைத் தட்டினர். படிக்க வேண்டும், மானத்தோடு வாழ வேண்டும் என்பதே அவர்கள் வேண்டுகோள். அம்மையார் அவர்களை நகரத்து விடுதிகளில் சேர்க்க முயன்றார். அப்பெண்களின் பிறப்பைக் கேட்டறிந்த விடுதியினர் இடந்தர மறுத்தனர். சற்று எண்ணிப் பாருங்கள்! தீய வழக்கத்தை விட்டு வெளியே வாருங்கள் என்று மேடையில் அறிவுரை கூறிய நாடு, அவ்வாறே வெளியே வந்த பெண்களுக்கு ஒரு படுக்கைக்கும் இடமில்லை என்றது.

சட்டம் ஒரு கதவை அடைக்கும். மற்றொரு கதவைத் திறந்து வைக்க மனிதர் வேண்டும் என்பதை அம்மையார் அப்போது உணர்ந்தார். அப்பெண்களைத் தம் இல்லத்திலேயே தங்க வைத்தார். அவ்வாறு தோன்றியதே ஔவை இல்லம். ஆத்திசூடி கற்ற நம் மாணவர் அனைவரும் அறிந்த ஔவைப் பாட்டியின் பெயரையே அதற்குச் சூட்டினார். குடும்பமென்று ஒன்றை அமைத்துக் கொள்ளாமலே தமிழ்ப் பிள்ளைகள் அனைவருக்கும் பாட்டியாகிவிட்டவர் அல்லவா ஔவையார்! தாயில்லாப் பிள்ளைகளின் வீட்டிற்கு இதனினும் பொருத்தமான பெயர் ஏது?

ஔவை இல்லம் சோறிடும் சத்திரமாக மட்டும் இருந்துவிடவில்லை. சாதி வேற்றுமை பாராது அநாதைச் சிறுமியரும் கைவிடப்பட்ட பெண்களும் அங்குச் சேர்க்கப்பட்டனர். அவர்களுக்குக் கல்வியும் கைத்தொழிலும் கற்பிக்கப்பட்டன. பிறர் தயவில் வாழ வந்தோர், பிறர்க்கு உதவும் ஆசிரியைகளாகவும் செவிலியராகவும் வெளியேறினர். அடைக்கலம் என்பது ஒளிந்துகொள்ளும் இடமன்று. எழுந்து நிற்கக் கற்கும் இடம் என்பதை அம்மையார் செய்து காட்டினார். அவ்வில்லம் சென்னை அடையாற்றில் நிலைபெற்று, அவர் காலத்திற்குப் பின்னரும் பெண்குழந்தைகளுக்கு நிழல் தந்து வருகின்றது.

அம்மையாரின் மற்றொரு தொண்டு கண்ணீரில் முளைத்தது. அவருடைய தங்கை இளவயதிலேயே புற்றுநோயால் மாண்டார். நோய் இன்னதென்று அறியவே காலம் கடந்துவிட்டது. மருத்துவராயிருந்தும் உடன்பிறந்தாளைக் காக்க இயலவில்லையே என்ற துயரம் அம்மையாரை விட்டு அகலவில்லை. ஆயினும் அவர் அழுதுகொண்டே இருந்துவிடவில்லை. புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்று பல்லாண்டு கேட்டு வந்தார். வந்தால் சாவுதான் என்ற நோய்க்கு மருத்துவமனை எதற்கு என எண்ணியோர் அந்நாளில் பலர். இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு அவர் பொதுமக்களிடம் நிதி திரட்டினார். 1952ஆம் ஆண்டு பிரதமர் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1954ஆம் ஆண்டு அடையாற்றில் 12 படுக்கைகளுடன் அம்மருத்துவமனை திறக்கப்பெற்றது. அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், அவருடன் சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதனைப் பேணி வளர்த்தனர். ஏழை நோயாளியும் நம்பிச் செல்லும் புகழ்பெற்ற நிலையமாக அஃது இன்று விளங்குகின்றது.

சென்னை மாநிலச் சமூகநல வாரியத்தின் முதல் தலைவராகவும் அம்மையார் பணியாற்றினார். 1956ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருதளித்தது. 1968ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 22ஆம் நாள், தம் 82ஆம் பிறந்தநாளுக்குச் சில நாட்களே இருக்கையில், அம்மையார் இயற்கை எய்தினார். தமிழ்நாட்டில் ஏழைக் கருவுற்ற தாய்மார்க்கு அரசு வழங்கும் நிதியுதவித் திட்டம் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

பெற்றோரே! தோட்டத் தொழிலாளத் தோழர்களே! இவ்வரலாறு எங்கோ சென்னையில் நடந்த கதை என்று எண்ணிவிடலாகாது. விடியுமுன் பால்மரம் வெட்டப் புறப்பட்ட தாய்மார், கைக்குழந்தைகளை ஆயாக்கொட்டகையில் விட்டுச் சென்ற காலத்தை நம் பெரியோர் அறிவர். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருந்தமையால்தான் தாயால் உழைக்க முடிந்தது. உதவி என்பது பிச்சையன்று. உழைப்பவனை உழைக்க விடும் துணை என்பதற்கு இதுவே சான்று.

பள்ளி நடத்தும் நாமும் ஒன்று கண்டிருக்கிறோம். வகுப்பு வருகைப் பதிவேட்டில் ஒரு பெயருக்கு எதிரே வராதோர் குறி நாள்தோறும் விழத் தொடங்கும். அது சோம்பலால் நேர்வது மிகச் சிலவே. தந்தை நோயில் கிடப்பார். அல்லது தாய் தனியே திண்டாடுவார். அல்லது தம்பி தங்கையரைப் பார்க்க மூத்த பெண் வீட்டில் நிறுத்தப்பட்டிருப்பாள். வெட்கத்தால் பெற்றோர் வாய் திறவார். அண்டை வீட்டார் நமக்கேன் வம்பு என்றிருப்பர். ஓராண்டு கழிந்ததும் அப்பெயர் பதிவேட்டிலிருந்தே மறைந்துவிடும். ஒரு பெயர் மறைவது ஒரு வாழ்வு மறைவதற்கு ஒப்பாகும்.

ஆகவே நாம் வேண்டிக்கொள்வது இதுவே. அண்டை வீட்டுப் பிள்ளை பள்ளிக்கு வரவில்லையெனில் நமக்குத் தெரிவியுங்கள். நம் நாட்டில் 1946ஆம் ஆண்டு தொடங்கிய சமூகநல இலாகா, ஆதரவற்ற பிள்ளைகளுக்கும் முதியோர்க்கும் உடற்குறையுடையோர்க்கும் உதவும் பொருட்டே இயங்குகின்றது. அங்கு விண்ணப்பிக்க வெட்கப்பட வேண்டுவதில்லை. மனு எழுதத் தெரியாதோர் பள்ளிக்கு வரலாம். ஆசிரியர்கள் எழுதித் தருவர். மாணவர்களே, உங்கள் வகுப்பில் ஒருவன் கசங்கிய உடையோடும் வாடிய முகத்தோடும் வந்தால் நகையாதீர்கள்; அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள்.

முத்துலட்சுமி அம்மையாரின் கதவைத் தட்டியவர் சிலரே. அக்கதவு திறந்தமையால் வாழ்வு பெற்றோர் பலர். நம் கதவையும் என்றேனும் ஒரு சிறு கை தட்டும். அன்று நாம் திறக்க வேண்டும்.

வாழ்க அம்மையார் புகழ்! வளர்க நற்றொண்டு!