புதுவையில் ஒரு வாடகை வீடு

காங்கேசன்துறைக் கடற்கரையில் நின்று வடக்கே நோக்குவார்க்கு நீரன்றி வேறொன்றும் தோன்றாது. ஆயினும் அந்நீருக்கு அப்பால் நாகபட்டினமும், அதற்கும் வடக்கே புதுவையும் உள்ளன. 2023 அக்டோபரில் நாகபட்டினத்துக்கும் நம் துறைக்குமிடையே பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியபின், புதுவை ஈசுவரன் தருமராசா கோயில் தெரு நமக்கு அத்துணைத் தொலைவன்று. அத்தெருவிலேதான் மகாகவி சுப்பிரமணிய பாரதியார் வாழ்ந்த வீடு நினைவகமாகப் போற்றப்படுகின்றது.

1882 டிசம்பர் 11ஆம் நாள் எட்டயபுரத்திற் பிறந்த பாரதியார், ஐந்து வயதில் அன்னையை இழந்தார்; 1898இல் தந்தையையும் இழந்தார். காசியிற் கற்று, எட்டயபுரம் அரண்மனையிற் பணிபுரிந்து, மதுரையிற் சிலகாலம் ஆசிரியராயிருந்து, 1904இல் சென்னைச் சுதேசமித்திரனிற் சேர்ந்தார். பின்னர் அவர் நடத்திய இந்தியா வார இதழ் அந்நிய ஆட்சியைக் கடிந்தெழுதியது. 1908இல் அதன் சட்டபூர்வ ஆசிரியர் சிறைப்பட்டார். அடுத்த கை தம்மீது விழுமென உணர்ந்த பாரதியார், பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுவைக்குச் சென்றார். இதழும் அங்கு பெயர்ந்தது. ஆங்கில அரசின் தடையால் 1910இல் நின்றது.

அதன்பின் வருவாய் ஏது? வேவுகாரர் வாசலிலே, வறுமை உள்ளே. வாடகை கேட்கவந்த வீட்டுக்காரச் செட்டியார், கவிஞரின் நிலைகண்டு கேளாமலே திரும்பிவிடுவார் என நண்பர்கள் எழுதிவைத்துள்ளனர். அவ்விடுக்கணுக்கிடையேதான் பாஞ்சாலி சபதமும், கண்ணன் பாட்டும், குயில் பாட்டும் பிறந்தன. அரிசன இளைஞர் கனகலிங்கத்துக்கு அவர் பூணூல் அணிவித்ததும் புதுவையிலேதான்.

நம்மவர் சிறப்பாக நினைக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. தம் ஞானகுருமாருள் ஒருவராக யாழ்ப்பாணத்துச் சாமி ஒருவரையும் பாரதியார் பாரதி அறுபத்தாறில் போற்றியுள்ளார். அவர் வடமராட்சியைச் சேர்ந்த அருளம்பல சுவாமிகள் என்பது ஆய்வாளர் துணிபு. நம் மண்ணின் துறவி ஒருவர் கடல்கடந்து சென்று, நாடிழந்த கவிஞருக்கு நெஞ்சுறுதி தந்தாரென்பது நமக்குப் பெருமையன்றோ!

பத்தாண்டுகளின் பின், 1918 நவம்பரில் எல்லை கடந்த பாரதியார் கடலூருக்கருகே கைதாகிச் சில வாரம் சிறையிருந்தார். கடையத்தில் வாழ்ந்து, 1920இற் சென்னை திரும்பினார். திருவல்லிக்கேணிக் கோயில் யானையால் தாக்குண்டு பிழைத்தாரெனினும், 1921 செப்டம்பரில் நோயுற்று மறைந்தார். முப்பத்தொன்பது வயதும் நிறையவில்லை. அவர் உயிர்நீத்த திருவல்லிக்கேணி வீட்டையும் தமிழக அரசு 1993இல் நினைவில்லமாக்கிற்று.

எண்ணிப் பார்க்குமிடத்து, புதுவை வீடும் திருவல்லிக்கேணி வீடும் வாடகை வீடுகளே. குடியிருந்தபோது நிலையில்லாதவரின் நினைவுக்கு இன்று அச்சுவர்கள் நிலைத்த உரிமையாயின. 1990இல் காங்கேசன்துறையையும் மயிலிட்டியையும் விட்டுப் பெயர்ந்து, ஆண்டுக்கணக்கிற் பிறர் கூரையின்கீழ் வாழ்ந்த நம் மக்களுக்கு இதன் பொருளை விளக்கவேண்டுவதில்லை. மீண்டுவந்தோருட் பலர் கண்டது அத்திவாரமும் கிணற்றுக்கட்டுமே. வீட்டை இழந்தவன் சொல்லையும் இழக்கவேண்டுவதில்லை என்பதற்கு அப்புதுவை வீடு சான்று. கப்பலேறிச் செல்லும் நம் இளைஞர் கடைத்தெருவோடு திரும்பாது, அவ்வாசற்படியையும் ஒருமுறை மிதித்து வருவாராக.