அறிஞர் அஸீஸும் கல்விக்கான கட்டுச்சோறும்

சென்ற ஆண்டு என்னிடம் தமிழ் பயின்ற மாணவியொருத்தி பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானாள். கரைவலை இழுத்துப் பிழைக்கும் அவள் வாப்பா என் வீட்டு முற்றத்தில் வந்து நின்று, படிப்புக்கு எவ்வளவு பணம் கட்டவேண்டும் என வினவினார். கட்டணம் ஒரு சதமுமில்லை என்றேன். அவர் முகம் மலர்ந்தது. விடுதி, உணவு, நூல், பயணம் என ஒவ்வொன்றாக நான் எண்ணிச் சொல்லச் சொல்ல அம்மலர்ச்சி வாடிற்று. அன்றிரவு என் நெஞ்சில் நின்றவர் அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்களே.

அன்னார் 1911ஆம் ஆண்டு ஒக்டோபர் 4ஆம் நாள் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையிற் பிறந்தார். வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் கற்று, கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் வரலாற்றுத் துறையிற் சிறப்புப் பட்டம் பெற்றார். 1935இல் இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்தார். அச்சேவையில் இடம்பெற்ற முதல் முஸ்லிம் அவரே.

1942இல் உலகப்போர் நம் வாசலை எட்டிற்று. பர்மா வீழ்ந்தது, அங்கிருந்து வந்த அரிசியும் நின்றது. நெல் விளையும் எங்கள் பிரதேசத்தில் உணவு உற்பத்தியைப் பெருக்குவதற்காக, அவசரகால உதவி அரசாங்க அதிபராக அஸீஸ் கல்முனைக்கு அனுப்பப்பட்டார். வயலும் கடலும் வாரி வழங்கும் இக்கரையிற் கல்வி வறண்டு கிடந்ததை அவர் கண்டார். அவ்வாண்டு ஜூலையிலேதான் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றிற்று. ஆயினும் அதன் வாயிலை அடைய ஆங்கிலக் கல்வி வேண்டும். ஆங்கிலப் பள்ளிகளிற் பெரும்பாலானவை கட்டணம் கேட்டன. கிராமத்துத் தமிழ்ப் பாடசாலையிற் பயின்ற பிள்ளைக்கு வழி பாதியிலேயே முடிந்தது. நெற்பயிரை வளர்க்க வந்தவர் இந்நிலை கண்டு வாளாவிருந்தாரல்லர். கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தை உருவாக்கினார்.

அவ்வெண்ணம் இந்நாடு முழுவதற்குமாக விரிந்தது. 1945 மே மாதத்தில் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி நிறுவப்பட்டது. வறுமையால் உயர்கல்வி தடைப்படும் மாணவருக்குக் கைகொடுப்பது அதன் நோக்கம். அதே ஆண்டு ஒக்டோபரில், கன்னங்கராவின் முயற்சியால், பாலர் வகுப்பு முதற் பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. இனி நிதி எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். 1952இற் பல்கலைக்கழகம் பேராதனைக்குப் பெயர்ந்தது. கீழ்க்கரைப் பிள்ளை மலைநாட்டில் தங்கிப் படிக்கவேண்டியதாயிற்று. அரசு கதவைத் திறந்தது. ஆனால் அக்கதவுவரை செல்லும் வழிக்குக் கட்டுச்சோறு யார் கட்டிக்கொடுப்பது? அதற்கே இந்நிதி.

இதில் இன்னுமொரு நுட்பம் உண்டு. வறிய மாணவன் செல்வரின் தலைவாயிலிற் கைகட்டி நின்று பெறுவது பிச்சை. சமூகம் கூடிச் சேர்த்த நிதியிலிருந்து பெறுவது அவன் பங்கு. இவ்வேறுபாடு சிறிதன்று.

1948இல் அஸீஸ் சிவில் சேவையைத் துறந்து கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபரானார். அரசாங்க அதிபராய் உயரும் வாய்ப்பிருக்க, பாடசாலை அதிபராதலைத் தெரிந்தெடுத்தவர் எத்தனை பேர்? 1961வரை அப்பணியில் நிலைத்தார். 1952 முதற் செனற் சபை உறுப்பினராகவும் விளங்கினார். இலங்கையில் இஸ்லாம், மொழிபெயர்ப்புக் கலை முதலிய நூல்களால் தமிழுக்கும் வளஞ்சேர்த்தார். 1973 நவம்பர் 24இல் மறைந்தார். பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் கலாநிதிப் பட்டத்தை அவர் நினைவுக்கு அளித்துச் சிறப்பித்தது.

இன்று எங்கள் ஒலுவிலிலேயே தென்கிழக்குப் பல்கலைக்கழகம் உண்டு. மகாபொல உதவியும் உண்டு. எனினும் எல்லாத் துறைகளும் ஒலுவிலில் இல்லை. உதவிப் பணம் கைக்கு வருமுன்னரே விடுதிச் செலவு வந்துவிடுகிறது. கட்டணமில்லை என்ற ஒரு சொல்லோடு நம் கடமை முடிந்தது என்று எண்ணுவோர், அந்த மீனவர் முகம் வாடியதை ஒருமுறை காணவேண்டும்.

ஆசிரியர் சிலர் கூடி மாதந்தோறும் ஒரு சிறு தொகை சேர்க்கத் தொடங்கியுள்ளோம். அந்த மாணவி இப்பொழுது பேராதனையிற் படிக்கிறாள். அடுத்த வெட்டுப்புள்ளி வெளியாகும்போது மற்றொரு வாப்பா என் முற்றத்துக்கு வருவார். அவருக்குச் சொல்வதற்கு, கட்டணமில்லை என்பதற்கு மேலும் ஒரு சொல் என்னிடம் இருக்கவேண்டும். அஸீஸ் அவர்களின் வாழ்க்கையை நான் இவ்வாறே கற்றிருக்கிறேன்.