அச்சு முறிவதன் மர்மம் கண்டவர்

1842-ல் பாரிஸ் அருகே, வெர்சேல்ஸ் பாதையில் ரெயில் எஞ்சினின் அச்சு முறிந்தது. 50 பேருக்கு மேல் மாண்டனர். நல்ல இரும்பு ஏன் திடீரென்று முறிகிறது?

சோதனை செய்து விடை கண்டவர் ஆகஸ்ட் வோலர். 1819-ல் ஜெர்மனியில் ஸோல்டாவ் என்ற ஊரில் பிறந்த ரெயில்வே என்ஜினீயர். வண்டி ஓடும்போதே அச்சு எவ்வளவு வளைகிறது என்பதைத் துத்தநாகத் தகட்டில் கீறவைத்து அளந்தார். பிறகு யந்திரங்கள் அமைத்து, இரும்பை லட்சக்கணக்கான தடவை வளைத்தார், முறுக்கினார், இழுத்தார். பொறுமை என்றால் அதுவல்லவா பொறுமை!

ஒரே தடவையில் இரும்பை முறிக்க மாட்டாத சிறு பாரமும், ஓயாமல் மாறி மாறி விழுந்தால் அதை முறித்துவிடுகிறது. ஓர் எல்லைக்குக் கீழே இருந்தாலோ, எத்தனை தடவையானாலும் முறியவில்லை. 1870-ல் இம்முடிவுகளை வெளியிட்டார், வெறும் அட்டவணைகளாக! அவர் பெயரால் வழங்கும் வளைகோட்டைப் பிறர்தான் வரைந்தார்கள். 1914-ல், 94 வயதில், ஹானோவரில் காலமானார்.