வண்டிச்சக்கரமும் சந்திரசேகரும்

கோலா கெத்தில் வட்டாரத் தோட்டங்களில் ஒரு காலத்தில் இரவு வந்தால் மின்விளக்குகள் சீக்கிரமே அணைந்துவிடும். லயத்து வாசலில் பாய் விரித்துப் படுத்தால், பால்மரங்களுக்கு மேலே வானமெங்கும் விண்மீன்கள். அந்த வானில் வெறுங்கண்ணுக்குப் புலப்படாத ஒரு வண்டிச்சக்கரமும் இருக்கிறது. ஏறத்தாழ 50 கோடி ஒளியாண்டுத் தொலைவில் உள்ள வளைய வடிவ விண்மீன் மண்டலம் அது. அதை ஆராய்ந்த விண்வெளித் தொலைநோக்கிகளுள் ஒன்று தமிழர் ஒருவரின் பெயரைத் தாங்கியிருப்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அவர்தாம் சுப்பிரமணியன் சந்திரசேகர். 1910ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் லாகூரில் பிறந்தார். தந்தை சுப்பிரமணிய ஐயர் ரயில்வே கணக்குத்துறை அதிகாரி. சிற்றப்பா, நோபல் பரிசு பெற்ற சர் சி.வி. இராமன். தாயார் சீதாலட்சுமியே அவருக்குத் தமிழ் கற்பித்த முதல் ஆசிரியை. இப்சனின் நாடகமொன்றைத் தமிழில் மொழிபெயர்த்தவர் அந்த அம்மையார். சந்திரசேகர் நம்மைப் போல் லயத்தில் பிறந்தவரல்லர். வசதியும் கல்வியும் நிறைந்த குடும்பத்துப் பிள்ளை. ஆயினும் அவருக்கும் சோதனைகள் காத்திருந்தன.

சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றதும் கேம்பிரிட்ஜில் பயில உதவித்தொகை கிடைத்தது. அப்போது தாயார் நோயுற்றிருந்தார். மகன் தயங்கினார், தாயே வற்புறுத்தி அனுப்பினார். 1930 ஜூலை 31ஆம் நாள் பம்பாயில் கப்பலேறினார். ரப்பர் விலை சரிந்ததால் நம் தோட்டப் பாட்டாளிகள் ஆயிரக்கணக்கில் மலாயாவிலிருந்து தமிழகத்துக்குக் கப்பலேறிய ஆண்டும் அதுவே. மறு ஆண்டே தாயார் காலமானார். மகனால் முகம் பார்க்க இயலவில்லை.

அந்தக் கடற்பயணத்தில் 19 வயது இளைஞர் ஒரு கணக்குப் போட்டார். எரிபொருள் தீர்ந்த விண்மீன் சுருங்கி வெண்குறுமீனாக ஓய்வு பெறும் என்பது அன்றைய கருத்து. அது எல்லா விண்மீன்களுக்கும் பொருந்தாது என்று அவர் கணக்கு காட்டியது. எஞ்சும் பொருள் சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேற்பட்டால், தன் எடையையே தாங்காமல் மேலும் சுருங்கியாக வேண்டும். இதுவே பின்னாளில் சந்திரசேகர் வரம்பு எனப் பெயர் பெற்றது.

1935 ஜனவரி 11ஆம் நாள் லண்டனில், அரச வானியல் கழகத்தில் அவர் இதை விளக்கினார். அடுத்துப் பேச எழுந்தவர் வானியலின் பேராசான் எடிங்டன். அவர் அம்முடிவை எள்ளி நகையாடினார். அவை சிரித்தது. கணக்கு சரியென்று தனிமையில் ஒப்புக்கொண்ட அறிஞர்கள்கூட வெளிப்படையாக வாய் திறக்கவில்லை. சந்திரசேகருக்கு அப்போது வயது 24.

அவர் சண்டையிடவில்லை; கருத்தை மாற்றிக்கொள்ளவும் இல்லை. 1936இல் லலிதாவை மணந்தார். 1937இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். தம் ஆய்வுகளை 1939இல் நூலாக்கிவிட்டு வேறு துறைக்குச் சென்றார். எடிங்டனுடன் நட்பையும் முறிக்கவில்லை. 1944இல் அவர் மறைந்தபோது பெருமைப்படுத்தியே பேசினார். நோபல் பரிசு 1983இல்தான் வந்தது. அன்று கூனிக்குறுகிய இளைஞருக்கு அப்போது வயது 73. 1995 ஆகஸ்டு 21ஆம் நாள் சிகாகோவில் இயற்கை எய்தினார்.

1999 ஜூலை 23ஆம் நாள் நாசா விண்ணுக்கு அனுப்பிய தொலைநோக்கிக்குச் சந்திரா என்று பெயர். எக்ஸ் கதிர்களைக் காற்று மண்டலம் தடுத்துவிடுவதால், அவற்றைக் காண விண்வெளிக்கே செல்ல வேண்டும். வண்டிச்சக்கர மண்டலத்தையும் சந்திரா நோக்கியது. முன்னொரு காலத்தில் சிறிய மண்டலமொன்று பெரிய மண்டலத்தின் நடுவே ஊடுருவிச் சென்றது. குளத்தில் கல்லெறிந்தால் அலை வட்டமாய்ப் பரவுவதுபோல் வளையம் விரிந்தது. அலை நெருக்கிய வாயுவில் மாபெரும் விண்மீன்கள் பிறந்து, விரைவிலேயே மடிந்தன. அவ்வளையம் நெடுகச் சந்திரா கண்டவை பிரகாசமான எக்ஸ் கதிர்ப் புள்ளிகள். அவற்றுள் பலவும், அருகிலுள்ள விண்மீனின் வாயுவை விழுங்கும் கருந்துளைகள் அல்லது நியூட்ரான் விண்மீன்கள் என்று கருதப்படுகின்றன. வெண்குறுமீனாய் ஓய்வு பெற இயலாத விண்மீன்களின் எச்சங்கள் அவை. லண்டனில் சிரித்த அவைக்கு வானமே அளித்த விடை எனலாம்.

கருத்தரங்கில் நம் முதல் கட்டுரைக்கு யாரேனும் சிரிக்கக்கூடும். அந்நாளில், கணக்கை மீண்டும் ஒருமுறை சரிபார்ப்போம். சரியாக இருந்தால், அதை எழுதி வைத்துவிட்டு அடுத்த வேலையைத் தொடங்குவோம்.