பள்ளி கண்டவர், மதிலை அஞ்சியவர்: டாக்டர் சாமுவேல் ஹவ்

ஹெலன் கெல்லரின் பெயரைக் கேளாத மாணவர் நம்மிடையே இரார். அவருக்கு மொழியைத் தந்த ஆசிரியை ஆன் சல்லிவன், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இருந்த பெர்க்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியில் பயின்றவர். அப்பள்ளியை 1832இல் தொடங்கி வளர்த்த பெருமகனார் டாக்டர் சாமுவேல் கிரிட்லி ஹவ். பார்வையற்றோருக்கு அவர் ஆற்றிய தொண்டைப் பலரும் அறிவர். மனவளர்ச்சி குன்றியோருக்கு ஆற்றிய தொண்டைச் சிலரே அறிவர்.

1801இல் பாஸ்டனில் பிறந்த ஹவ், 1824இல் ஹார்வர்டில் மருத்துவப் பட்டம் பெற்றார். கிரேக்க நாடு விடுதலைக்குப் போராடிய காலம் அது. பொருள் ஈட்டும் வழியை விடுத்துக் கிரேக்கம் சென்று, காயமுற்ற வீரர்களுக்குச் சிகிச்சை அளித்தார். நாடு திரும்பிய பின்னரே பள்ளிப் பணியை ஏற்றார். பார்வையும் செவிப்புலனும் இழந்த லாரா பிரிட்ஜ்மன் என்ற சிறுமி 1837இல் அங்கு வந்தாள். தொடு உணர்ச்சியைக் கொண்டே அவளுக்கு எழுத்தறிவித்தார் ஹவ்.

இவளே கற்றாள் என்றால், மனவளர்ச்சி குன்றிய குழந்தை ஏன் கற்கக் கூடாது என்ற எண்ணம் அவருள் எழுந்தது. அந்நாளில் அத்தகையோர் ஏழையர் விடுதிகளிலும் சிறைகளிலும் கிடந்தனர். மிகக் குறைந்த தொகைக்கு வைத்துக்கொள்ள முன்வருபவரிடம் அவர்களை ஊரார் ஒப்படைப்பதும் உண்டு. 1846இல் மாசசூசெட்ஸ் அரசு அமைத்த விசாரணைக் குழுவுக்கு ஹவ் தலைமை ஏற்றார். 1848இல் வெளிவந்த அறிக்கையில், பெற்றோரின் ஒழுக்கக்கேடே இக்குறைக்குக் காரணம் என்று எழுதினார். அது தவறு என்பதை இன்று நாம் அறிவோம். ஆயினும் இவர்களும் கற்பர் என்ற அவரது முடிவு பொய்க்கவில்லை. ஆண்டுக்கு 2,500 டாலர் வீதம் மூன்று ஆண்டுகளுக்கு அரசு உதவி அளித்தது. 10 குழந்தைகளுடன் பள்ளி தொடங்கியது. நடக்கவும், தாமே உண்ணவும், உடுத்தவும், பேசவும் அவர்கள் பழகினர்.

பள்ளி கண்டதோடு அவர் நின்றிருந்தால் நல்லவர் என்று மட்டும் சொல்லியிருப்போம். தாம் கண்ட பள்ளியையே ஐயுற்று நோக்கியதுதான் அவரது பெருமை. 1866இல் நியூயார்க் மாநிலத்துப் படேவியாவில் பார்வையற்றோர் நிலையம் ஒன்றின் அடிக்கல் நாட்டு விழாவுக்கு அவரை அழைத்தனர். வாழ்த்துரையை எதிர்பார்த்திருந்த அவையில் அவர் எச்சரிக்கை விடுத்தார். குறையுடையோரை ஓரிடத்தில் திரட்டி வைப்பது தீது. நிலையங்கள் சிலவாகவும் சிறியனவாகவும் இருத்தல் வேண்டும். அவர்கள் குடும்பத்திலும் ஊரிலும் பிறரோடு கலந்து வாழ்தல் வேண்டும் என்பதே அவர் உரையின் சாரம்.

1876இல் ஹவ் மறைந்தார். எச்சரிக்கையும் மறக்கப்பட்டது. அவரது சின்னஞ்சிறு பள்ளி வால்தம் நகருக்குப் பெயர்ந்து, ஃபெர்னால்டு என்ற பெயர் பெற்று, 2,000க்கும் மேற்பட்டோரை அடைத்து வைக்கும் பெருநிலையமாயிற்று. படிக்க வந்தவர்கள் வீடு திரும்பாமலே முதுமை எய்தினர். 1970களில் பெற்றோர் நீதிமன்றத்தை நாடினர். அதன்பின் அங்கிருந்தோர் சிறுகச் சிறுக ஊர்களிலுள்ள இல்லங்களுக்கு வந்து சேர்ந்தனர். 2014இல் கடைசி மனிதரும் வெளியேற, கதவு மூடப்பட்டது.

ஹவ் சொன்னதை உலகம் ஏற்க ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. அதற்குள் எத்தனை வாழ்வுகள் மதிலுக்குள் கழிந்தன! நண்பர்களே, நாளை நம்மில் பலர் ஆசிரியராகவும் அலுவலராகவும் ஆவோம். குறையுடைய ஒருவருக்கு இடம் தேட நேரும்போது, அவ்விடம் நம் நடுவிலேயே இருக்கிறதா என்று முதலில் பார்ப்போமாக.