அச்சு ஏன் முறிந்தது? உலோகத்தின் ஆயுளை அளந்த ரயில்வே பொறியாளர் ஆகுஸ்ட் வோலர்

கட்டட வேலை நடக்கும் இடத்தில் கட்டுக்கம்பியை வெட்டக் கருவி கிடைக்காவிட்டால், தொழிலாளி அதை ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாகச் சில முறை வளைப்பார். இழுத்தால் அறாத கம்பி, அந்த வளைப்பில் எளிதாக முறிந்துவிடும். அனைவரும் கண்டறிந்த இந்தச் சிறு நிகழ்வுதான் 19ஆம் நூற்றாண்டில் ரயில் பயணிகளின் உயிரைப் பறித்துக்கொண்டிருந்தது. அதன் காரணத்தை எண்களால் நிறுவியவர் ஜெர்மனியைச் சேர்ந்த ரயில்வே பொறியாளர் ஆகுஸ்ட் வோலர்.

இயந்திரப் பொறியியல் பயிலும் மாணவர்கள் இன்றும் அவரது பெயரைப் பாடநூலில் எதிர்கொள்கின்றனர். ஆயினும், ரயிலிலும் விமானத்திலும் செல்லும் கோடிக்கணக்கானோர் அவரை அறிந்திருக்க வாய்ப்பில்லை.

வெர்சாய் பாதையில் நேர்ந்த பேரிடர்

1842 மே 8, ஞாயிற்றுக்கிழமை. பிரெஞ்சு மன்னர் லூயி பிலிப்பைச் சிறப்பிக்கும் விழா வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் நடைபெற்றது. விழா முடிந்து பாரிஸ் திரும்பிய மக்களுடன், இரண்டு எஞ்சின்கள் பூட்டிய ரயில் ஒன்று மூதோன் அருகே விரைந்துகொண்டிருந்தது. அப்போது முன்னால் சென்ற எஞ்சினின் சக்கர அச்சு திடீரென முறிந்தது. பின்னால் வந்த எஞ்சின் அதன்மீது மோதியது; பயணிகள் பெட்டிகள் ஒன்றன்மீது ஒன்றாக ஏறின. எஞ்சின் உலையிலிருந்து சிதறிய நெருப்பு மரப்பெட்டிகளைப் பற்றிக்கொண்டது.

அக்கால வழக்கப்படி பெட்டிகளின் கதவுகள் வெளியிலிருந்து பூட்டப்பட்டிருந்தன. 50க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தென்துருவக் கடல்களில் பயணம் செய்து புகழ்பெற்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி துய்மோன் துர்வில், அவருடைய மனைவி, மகன் ஆகிய மூவரும் இறந்தவர்களில் அடங்குவர்.

ஐரோப்பா முழுவதும் ஒரே கேள்வி எழுந்தது. நல்ல இரும்பில் செய்யப்பட்டு, நெடுநாள் பழுதின்றி ஓடிய அச்சு, அன்று ஏன் முறிந்தது? அதிகச் சுமை ஏற்றப்படவில்லை. முறிவதற்கு முன் அது வளைந்து எச்சரிக்கவும் இல்லை. முறிந்த பரப்பைப் பார்த்தவர்களுக்கு, நார்போன்ற தன்மை கொண்ட தேனிரும்பு அதிர்வினால் படிகமாக மாறி நொறுங்கிவிட்டது என்றே தோன்றியது. அந்தக் கருத்து பல ஆண்டுகள் நிலைத்தது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த இளம் பொறியாளர் வில்லியம் ராங்கின், அச்சின் கூரிய மூலைகளில் விரிசல் தொடங்கி மெல்ல உட்புறமாக வளர்வதாக 1843இல் சுட்டிக்காட்டினார். எனினும், எவ்வளவு சுமையை எத்தனை முறை ஓர் அச்சு தாங்கும் என்ற கேள்விக்கு எவரிடமும் விடை இல்லை.

ஹனோவரிலிருந்து பிராங்க்பர்ட்டுக்கு

வெர்சாய் விபத்து நிகழ்ந்தபோது வோலருக்கு 22 வயது. ஹனோவர் நாட்டில் உள்ள சோல்தாவ் என்னும் ஊரில் 1819 ஜூன் 22 அன்று பிறந்த அவர், ஹனோவர் தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்றார். பின்னர் பெர்லினில் போர்சிக் நிறுவனத்தின் ரயில் எஞ்சின் ஆலையிலும், ரயில் பாதைகளிலும் நேரடிப் பயிற்சி பெற்றார். ஏட்டறிவும் பணிமனை அறிவும் ஒருங்கே அவருக்கு வாய்த்தன.

1847இல் பெர்லினையும் பிரெஸ்லாவையும் இணைத்த கீழ் சிலேசிய ரயில்வேயில் எஞ்சின்கள், பெட்டிகள், பணிமனை ஆகியவற்றின் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஓடர் ஆற்றங்கரையில் உள்ள பிராங்க்பர்ட் நகரம் அவரது பணியிடமாயிற்று. அங்கு அவர் ஏறத்தாழ 23 ஆண்டுகள் பணியாற்றினார். ஒவ்வொரு நாளும் அவர் ஒப்புதல் அளித்த பெட்டிகளில் மக்கள் ஏறிச் சென்றனர். ஆகவே, அச்சு முறிவது அவருக்கு வெறும் ஆய்வுப் பொருளாக மட்டும் இருந்திருக்க முடியாது.

முதலில் அளவு, பிறகு சோதனை

முறிந்த உறுப்பைச் சோதிப்பதற்கு முன், அது பணியில் எத்தகைய விசையைத் தாங்கியது என்பதை அறிய வேண்டும் என்று வோலர் கருதினார். அந்நாளில் மின்னணுக் கருவிகள் இல்லை. ஓடும் பெட்டியின் அச்சு எவ்வளவு வளைகிறது என்பதைத் துத்தநாகத் தகட்டின்மீது கீறலாகப் பதியும் எளிய கருவியை அவரே வடிவமைத்தார். அதைப் பெட்டிகளில் பொருத்தி, வழக்கமான ஓட்டத்தில் அச்சுக்கு நேரும் வளைவையும் முறுக்கத்தையும் அளந்தார். அந்தக் கீறல்களின் நீளத்திலிருந்து உலோகத்தினுள் எழும் தகைவைக் கணக்கிட்டார். பணியில் இருக்கும் உறுப்பின்மீது செயல்படும் விசையை நேரடியாக அளந்த தொடக்ககால முயற்சிகளில் இதுவும் ஒன்று.

அந்த அளவீடு ஒன்றைத் தெளிவாக்கியது. சுழலும் அச்சில் ஒரு புள்ளி மேலே இருக்கும்போது இழுபட்டால், அரைச் சுற்றில் கீழே வரும்போது அமுக்கப்படும். சக்கரத்தின் விட்டம் 1 மீட்டர் எனக் கொண்டால், 1 கிலோமீட்டர் ஓடுவதற்குள் இந்த மாற்றம் 300 முறைக்கும் மேல் நிகழும். 1 லட்சம் கிலோமீட்டர் ஓடிய அச்சு 3 கோடி முறைக்கும் மேல் இழுபட்டும் அமுக்கப்பட்டும் இருக்கும். கட்டுக்கம்பிக்குச் சில வளைப்பில் நேர்வது, அச்சுக்குச் சில கோடிச் சுற்றுகளில் நேர்கிறது.

அடுத்த கட்டமாக, அச்சையே பணிமனைக்குள் ஓடவைக்கும் இயந்திரங்களை அவர் உருவாக்கினார். சோதனைத் தண்டின் ஒரு முனையைச் சுழலும் தண்டில் பொருத்தி, மறுமுனையில் சுருள்வில் மூலம் குறிப்பிட்ட சுமையைத் தொங்கவிட்டார். தண்டு முறியும்வரை இயந்திரம் இரவு பகலாகச் சுழன்றது. சுற்றுகளின் எண்ணிக்கை பதிவாகியது. பிறகு சுமையைச் சற்றுக் குறைத்து அடுத்த தண்டு பொருத்தப்பட்டது. வளைப்புக்கு ஒன்று, முறுக்கத்துக்கு ஒன்று, நேர் இழுப்புக்கு ஒன்று எனத் தனித்தனி இயந்திரங்கள் அமைந்தன. க்ருப் ஆலையின் வார்ப்பு எஃகு அச்சுகளும், பிற ஆலைகளின் இரும்பும் அவற்றில் சோதிக்கப்பட்டன. சில தண்டுகள் பல கோடிச் சுற்றுகள் கடந்தும் முறியவில்லை. ஒரு சோதனை முடிய மாதக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது.

கண்டறிந்தவை

1858 முதல் 1870 வரை, பிரஷ்யக் கட்டுமானத் துறை இதழில் வோலர் தம் முடிவுகளைத் தொடர்ந்து வெளியிட்டார். ஒரே முறை இழுத்தால் உலோகம் எளிதில் தாங்கும் விசையைவிட மிகக் குறைந்த விசையும், திரும்பத் திரும்பச் செயல்பட்டால் அதை முறித்துவிடும் என்பது அவற்றுள் முதன்மையானது.

விசையின் உச்ச அளவு மட்டுமன்றி, மேல் எல்லைக்கும் கீழ் எல்லைக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வே ஆயுளைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்பது இரண்டாவது முடிவு. அந்த ஏற்றத்தாழ்வு குறையக் குறைய, உறுப்பு தாங்கும் சுற்றுகளின் எண்ணிக்கை பெருகுகிறது. இரும்பிலும் எஃகிலும் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே சென்றால், எத்தனை கோடிச் சுற்றுகள் ஆனாலும் முறிவு நேர்வதில்லை. அந்த அளவே பின்னாளில் சோர்வு வரம்பு எனப் பெயர் பெற்றது.

அச்சின் தடிமன் திடீரென மாறும் கூரிய மூலையில் வலிமை வெகுவாகக் குறைவதையும், அந்த இடத்தை வளைவாகக் கடைந்தால் ஆயுள் நீள்வதையும் அவரது சோதனைகள் காட்டின. விலையுயர்ந்த எஃகைத் தேடிச் செல்லாமல், வடிவத்தை மட்டும் திருத்தியே பல முறிவுகளைத் தவிர்க்கலாம் என்ற பாடத்தைப் பணிமனைகள் இதிலிருந்து பெற்றன.

1867ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் அவரது சோதனை முடிவுகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. 25 ஆண்டுகளுக்கு முன் எந்த நகரத்தின் அருகே அந்தப் பேரிடர் நேர்ந்ததோ, அதே நகரில் அதற்கான விளக்கம் மக்கள் பார்வைக்கு வந்தது. வோலர் தம் முடிவுகளை எண்களின் அட்டவணையாகவே தந்தார். அவற்றைப் பின்வந்தோர் வரைபடமாக்கினர். ஒருபுறம் தகைவும் மறுபுறம் சுற்றுகளின் எண்ணிக்கையும் கொண்ட அந்தக் கோடு இன்று வோலர் வளைகோடு என்றே அழைக்கப்படுகிறது.

பொது நலனுக்கான சோதனைக்கூடம்

1870ஐ ஒட்டி வோலர் பிராங்க்பர்ட்டை விட்டு, பெர்லினில் ரயில் பெட்டி ஆலை ஒன்றின் இயக்குநரானார். 1874 முதல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில், அல்சாஸ்-லொரைன் பகுதியின் பேரரசு ரயில்வே நிர்வாகத்தில் உயர் பொறுப்பு வகித்தார். இக்காலத்தில் அவர் வலியுறுத்திய மற்றொரு கருத்தும் முக்கியமானது. இரும்பையும் எஃகையும் விற்பவரின் சொல்லை மட்டும் நம்பி வாங்கலாகாது. அவற்றைத் தர அடிப்படையில் வகைப்படுத்தி, சார்பற்ற அரசுச் சோதனைக்கூடங்களில் ஆராய வேண்டும் என்பதே அது. தொழிலதிபர்கள் பலருக்கு இது உவப்பாக இல்லை. எனினும், பெர்லினில் 1871இல் தொடங்கிய பொருள் சோதனை நிலையத்தின் வழியே அந்த எண்ணம் வேரூன்றியது.

1889இல் ஓய்வு பெற்ற வோலர், ஹனோவர் நகருக்குத் திரும்பினார். 1914 மார்ச் 21 அன்று, 94ஆம் வயதில் அங்கேயே காலமானார்.

கற்றதும் மறந்ததும்

அவர் மறைந்து 40 ஆண்டுகள் கழித்து, 1954இல் காமெட் எனப்படும் பிரிட்டிஷ் ஜெட் பயணிகள் விமானங்கள் இரண்டு, மூன்று மாத இடைவெளியில் மத்தியதரைக் கடற்பரப்பில் நடுவானில் சிதறின. 56 பேர் உயிரிழந்தனர். ஃபார்ன்பரோவில் ஒரு முழு விமானத்தைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, ஒவ்வொரு பறப்பிலும் ஏற்படும் அழுத்த மாற்றத்தைத் திரும்பத் திரும்பச் செயற்கையாக ஏற்படுத்தி ஆராய்ந்தனர். உடற்பகுதியில் ஒரு திறப்பின் மூலையில் தொடங்கிய விரிசலே காரணம் எனத் தெரியவந்தது. வோலர் அச்சைச் சுழற்றிய அதே முறையே இங்கு விமான அளவில் கையாளப்பட்டது.

1998 ஜூன் 3 அன்று ஜெர்மனியின் எஷேடேயில் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் சென்ற அதிவேக ரயில் ஒன்று தடம்புரண்டு 101 பேர் மாண்டனர். ரப்பர் அடுக்கு வைத்த சக்கரத்தின் எஃகு வளையத்தில், கண்ணுக்குப் புலப்படாத உட்புறத்தில் வளர்ந்த சோர்வு விரிசலே அதன் தொடக்கம். வோலர் பிறந்த சோல்தாவும் எஷேடேயும் இன்று ஒரே மாநிலமான லோயர் சாக்சனியில் உள்ளன. உலோகச் சோர்வு குறித்த அறிவு நூறாண்டுக்கும் மேலாகக் கைவசம் இருந்தும், போதிய சோதனையும் ஆய்வும் இல்லாவிட்டால் அது பயனற்றுப் போகும் என்பதை அந்த விபத்து உணர்த்தியது.

முறிந்த உறுப்பு இன்று ஆய்வகத்துக்கு வந்தால், வல்லுநர் முதலில் முறிவுப் பரப்பையே பார்க்கிறார். ஒரு பகுதி வழவழப்பாக, கடற்கரை மணலில் அலை விட்டுச்சென்ற தடம்போல வரிவரியாக இருந்தால், அங்கே விரிசல் நெடுநாள் மெல்ல வளர்ந்திருக்கிறது. எஞ்சிய கரடுமுரடான பகுதி கடைசி நொடியில் முறிந்தது. வரிகள் எங்கே குவிகின்றனவோ அங்கேதான் தொடக்கம்.

இந்திய ரயில்வேயில் தண்டவாளங்களும் சக்கர அச்சுகளும் மீயொலிக் கருவிகளால் குறிப்பிட்ட கால இடைவெளியில் சோதிக்கப்படுகின்றன. வெளியே தெரியாத விரிசலை, அது வளர்ந்து முறிவாகும் முன்பே கண்டுபிடிப்பதே அதன் நோக்கம். விரிசல் தென்பட்ட அச்சு பணியிலிருந்து அகற்றப்படுகிறது. பயணிகள் எவரும் அறியாமலே ஒரு விபத்து தவிர்க்கப்படுகிறது. துத்தநாகத் தகட்டில் விழுந்த கீறல்களை எண்ணிக் கணக்கிட்ட ஒரு பணிமனைப் பொறியாளரின் உழைப்பு, இவ்வாறு நாள்தோறும் பயன் தந்துகொண்டிருக்கிறது.